நலங்கு எந்த நாள்?

என் அத்தை மகளின் கல்யாணம் வேறு வேறு வழக்கங்கள் கொண்ட இரண்டு வீடுகளுக்கு இடையே நடந்தது. தேதி குறித்த மறுநாளே சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. எங்கள் வீட்டுப் பட்டியலும் தயாராக இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கி, மண்டபக்காரருக்கும் சமையல்காரருக்கும் நாயனக்காரருக்கும் ஒரே பட்டியலாகக் கொடுக்கும் பொறுப்பு அத்தையுடையது. அவர் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, இடது பக்கத்தில் நம் வீட்டார் சொன்னதையும் வலது பக்கத்தில் அவர்கள் வீட்டார் சொன்னதையும் எழுதத் தொடங்கினார்.

இரண்டு பக்கத்திலும் ‘நலங்கு’ இருந்தது. ஒத்துப்போகிறது என்று டிக் அடிக்கப் போனவரை மாமா தடுத்தார். எங்கள் வீட்டில் நலங்கு என்றால் கல்யாணத்துக்கு முன்பு பெண்ணுக்கு மஞ்சளும் சந்தனமும் பூசுவது. சம்பந்தி வீட்டிலோ தாலி கட்டி முடிந்த பிறகு, மாலையில், மணமக்கள் தேங்காய் உருட்டி அப்பளம் உடைத்து விளையாடுவதுதான் நலங்கு. சொல் ஒன்று, நிகழ்ச்சி இரண்டு. அடுத்த வரியில் இதற்கு நேர்மாறு. எங்கள் பக்கத்தில் ‘மாப்பிள்ளை அழைப்பு’, அவர்கள் பக்கத்தில் ‘ஜானவாசம்’. மண்டபக்காரர் இரண்டுக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்கியிருந்தார். உண்மையில் இரண்டும் ஒரே ஊர்வலம். மூன்றாவது வரியில் வந்ததுதான் உண்மையான சிக்கல். முதல் நாள் மாலையே வரவேற்பு என்றது எங்கள் பட்டியல். தாலி ஏறுவதற்கு முன் மணமக்களை மேடையில் சேர்த்து நிறுத்தக்கூடாது என்றது அவர்களுடையது.

அத்தை அந்த வரிக்கு நேரே எதையும் அடிக்கவில்லை. “ரெண்டு பேரும் சொன்னதை அப்படியே எழுதி வெச்சுக்கறேன். யார் சொல்றது நடக்கப்போகுதுன்னு அப்புறம் பார்க்கலாம், இப்ப மத்த வேலை நிக்கக்கூடாது” என்றார்.

மென்பொருள் உலகில் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்துக் கணித வடிவம் கொடுத்த ஒரு கருத்து அந்த வாக்கியத்தில் இருக்கிறது. ஒரு மென்பொருளை எழுதத் தொடங்குவதற்கு முன், அது யாருக்கு எதைச் செய்ய வேண்டும் என்று கண்டறிந்து எழுதிவைக்கும் துறைக்குத் தேவைப் பொறியியல் என்று பெயர். மென்பொருளால் வாழ்க்கை தொடப்படும் ஒவ்வொருவரையும் நான் இங்கே ‘பங்காளர்’ என்று அழைக்கப் போகிறேன். பங்கு உள்ளவர் என்பது ஒரு பொருள். பங்காளிகள் என்றால் சண்டையும் உண்டு என்பது நம் மொழியில் ஏற்கெனவே ஏறியிருக்கும் இன்னொரு பொருள். இரண்டுமே இந்த இடத்துக்குப் பொருந்தும். பங்காளர் ஒவ்வொருவரும் வேலை எப்படி நடக்கிறது, எப்படி நடக்க வேண்டும் என்று மனத்தில் ஒரு படம் வைத்திருக்கிறார். அந்தப் படத்தைக் காகிதத்தில் வட்டங்களாகவும் அம்புகளாகவும் வரைந்தால் அதுதான் ‘மாதிரி’. முரண்படும் மாதிரிகளை ஒன்றாக்குவது எப்படி என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். லண்டனில் 1992 அக்டோபர் 26, திங்கட்கிழமை நடந்ததைப் பார்த்தால் அதன் கனம் புரியும்.

லண்டன் ஆம்புலன்ஸ் சேவை அப்போது சுமார் 600 சதுர மைல் பரப்புக்கும் ஏறத்தாழ 68 லட்சம் மக்களுக்கும் பொறுப்பேற்றிருந்தது. நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 அழைப்புகள் வரும். அதுவரை எல்லாம் காகிதத்தில்தான் நடந்தது. அழைப்பை ஏற்பவர் படிவத்தில் விவரம் எழுதி, வரைபடப் புத்தகத்தில் இடத்தைத் தேடிக் குறித்து, படிவத்தைக் கன்வேயர் பெல்ட்டில் போடுவார். மறுமுனையில் இருப்பவர் ஒரே விபத்துக்கு வந்த இரட்டைப் படிவங்களைக் கழித்து, நகரத்தின் மூன்று மண்டலங்களில் உரியதற்கு அனுப்புவார். அங்கே ஒதுக்கீட்டாளர் எந்த வண்டியை அனுப்பலாம் என்று முடிவு செய்ய, தொலைபேசியிலோ ரேடியோவிலோ வண்டிக்குச் சொல்லப்படும். இவ்வளவும் மூன்று நிமிடங்களில் முடிய வேண்டும் என்பது விதி.

புதிய அமைப்பில் இந்தச் சங்கிலி கணினியின் கைக்குப் போனது. வண்டிகள் இருக்கும் இடம் கருவி வழியாகத் தெரியும். வண்டிப் பணியாளர்கள் கிளம்பியபோது ஒரு பொத்தான், இடத்தை அடைந்தபோது ஒரு பொத்தான், மருத்துவமனைக்கு வந்ததும் ஒன்று, மறுபடி தயாரானதும் ஒன்று என்று அழுத்துவார்கள். எது அருகில் இருக்கிறதோ அந்த வண்டியைக் கணினி அனுப்பும்.

நடந்தது வேறு. பதற்றமான சம்பவங்களில் பொத்தான்கள் வரிசை மாறி அழுத்தப்பட்டன, அல்லது அழுத்தப்படவே இல்லை. சில இடங்களில் ரேடியோ எட்டவில்லை. பணியாளர்கள் தங்கள் பெயரில் பதிவான வண்டியை விட்டு வேறொன்றில் கிளம்பினார்கள். கணினிக்குள் இருந்த லண்டனும் வெளியே இருந்த லண்டனும் மணிக்கு மணி விலகிக்கொண்டே போயின. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின, பக்கத்தில் ஒன்று நிற்கத் தொலைவிலிருந்து இன்னொன்று வந்தது. ‘இதைக் கவனி’ என்ற எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்து, பார்ப்பதற்குள் மேலே நகர்ந்து மறைந்தன. வண்டி வராததால் மக்கள் மறுபடி அழைத்தார்கள். அழைப்புகள் கூடின, ரேடியோ நெரிசல் கூடியது, அதனால் பொத்தான் செய்திகள் இன்னும் தாமதமாயின. மறுநாள் பிற்பகல் பாதிக் கைமுறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4 அதிகாலையில் அமைப்பு முற்றிலும் நின்றது.

அந்தக் கடைசி நிகழ்வுக்குக் காரணம் எளிய நிரல் பிழை. ஒவ்வொரு முறை வண்டி அனுப்பப்படும்போதும் சர்வரின் நினைவகத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டுத் திருப்பித் தராத சில வரிகளை மூன்று வாரங்களுக்கு முன் ஒரு நிரலாளர் விட்டுவைத்திருந்தார். அக்டோபர் 26, 27 குறித்து விசாரணைக் குழு சொன்னதுதான் என்னைப் பல ஆண்டுகளாகத் தொந்தரவு செய்கிறது. 1993 பிப்ரவரியில் வெளியான அதன் அறிக்கையின்படி, அந்த இரண்டு நாட்களில் கணினி தொழில்நுட்ப அர்த்தத்தில் பழுதாகவில்லை. தனக்கு வடிவமைத்துக் கொடுத்ததைத்தான் அது செய்தது. வடிவமைப்பில்தான் கோளாறு.

ஒரு பங்காளரின் படம் மட்டும் இயந்திரத்துக்குள் போயிருந்தது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். வண்டிப் பணியாளரின் தலையில் இருந்த படம், ஒதுக்கீட்டாளர் பல ஆண்டுகளில் கற்ற படம், நிர்வாகத்தின் படம் ஆகிய மூன்றையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வைத்திருந்தால் முரண்கள் காகிதத்திலேயே தெரிந்திருக்கும். தெரியாமல் போனதால் அவை தெருவில் வெளிப்பட்டன.

சரி, எல்லோரையும் ஒரு அறையில் உட்கார வைத்துப் பேசி, ஒரே படத்தை ஒப்புக்கொள்ள வைத்தால் போதாதா? யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோர் கதையை இந்த இடத்தில் சொல்வார்கள். அந்தக் கதை நமக்கு உதவாது. அதில் யானை ஏற்கெனவே நிற்கிறது, கண் உள்ள ஒருவர் வந்து பார்த்துச் சொன்னால் சண்டை தீர்ந்துவிடும். மென்பொருளில் யானை இனிமேல்தான் பிறக்க வேண்டும். தும்பிக்கை வேண்டுமா வேண்டாமா என்பதே வழக்கு. இதில் எந்தப் பக்கத்தையும் அவசரமாக அடித்துவிட்டால், அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்ற காரணமும் சேர்ந்து அழிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். கணக்குப் பிரிவு சொன்னதும் கிடங்குப் பிரிவு சொன்னதும் மோதினால், பதவியில் பெரியவர் சொன்னதை ஆவணத்தில் வைத்து மற்றதை நீக்கிவிடுவேன். ஆவணம் சுத்தமாக இருக்கும். நீக்கப்பட்ட வரி ஆறு மாதம் கழித்துப் புகாராகத் திரும்பி வரும்.

முரணைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை என்று கணினி அறிவியலார் நினைத்ததற்கு ஒரு கறாரான காரணம் உண்டு. வழக்கமான தருக்கத்தில் ஒரே ஒரு முரண் உள்ளே வந்தால் போதும், அதிலிருந்து எதை வேண்டுமானாலும் நிறுவிவிடலாம். இதை வெடிப்பு விதி என்று சொல்லலாம். நம்ப முடியவில்லையா? ‘கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை’, ‘கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை அல்ல’ என்ற இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரி உண்மை என்பதால், ‘கல்யாணம் ஞாயிறு, அல்லது மெரினா மதுரையில் இருக்கிறது’ என்பதும் உண்மை. இரண்டில் ஒன்று சரியாக இருந்தால் போதுமே. இப்போது இரண்டாம் வரி, ஞாயிறு அல்ல என்கிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது சரியாக இருக்க வேண்டும். மெரினா மதுரைக்கு வந்துவிட்டது! ஒவ்வொரு படியும் முறையானதுதான். இப்படி எதையும் ‘ஆம்’ என்று சொல்லும் கணினியிடம் கேள்வி கேட்டுப் பயன் என்ன?

மனிதர்கள் இப்படி வெடிப்பதில்லை. இரு வீட்டுப் பட்டியலும் முரண்பட்டதால் என் அத்தை மெரினா பற்றிய முடிவு எதற்கும் வரவில்லை. வரவேற்பு வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வாழை இலைக்குச் சொல்லி அனுப்பினார். 1991-ல் டோவ் கேபே, அந்தோணி ஹண்டர் என்ற இரு தருக்கவியலாளர்கள், முரணை ஒழிக்க வேண்டிய அழுக்காகப் பார்க்காமல் அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். முரண் என்பது ஒரு செய்தி, ‘இங்கே ஏதோ செய்ய வேண்டியிருக்கிறது’ என்று சொல்லும் அடையாளம். அதே காலத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அந்தோணி ஃபிங்கெல்ஸ்டைன், ஜெஃப் கிரேமர், பஷார் நுசைபே ஆகியோர் ‘நோக்குநிலைகள்’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். ஒவ்வொரு பங்காளருக்கும் சொந்தமாக ஒரு படம், அதை வரையச் சொந்தமாக ஒரு குறியீட்டு முறை. படங்களுக்கு நடுவே எவை ஒத்துப்போக வேண்டும் என்ற விதிகள் தனியே இருக்கும். அந்த விதிகளை எந்நேரமும் திணிக்காமல், தேவைப்படும்போது மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். மீறல் இருந்தால் குறித்துக்கொண்டு வேலையைத் தொடரலாம்.

படங்களைத் தனித்தனியே வைத்திருப்பது பாதி வேலை. இணைப்பது மறுபாதி. இணைப்பதற்கு முன் எதற்கு எது இணை என்று தெரிய வேண்டும். இதற்குத் தமிழில் ‘பொருத்தம்’ என்ற சொல்லே கைகொடுக்கிறது. பொருத்தம் பார்ப்பதில் நான்கு நிலைகள் உண்டு என்று மில்ட்ரெட் ஷா, பிரையன் கெயின்ஸ் இருவரும் 1989-ல் காட்டினார்கள். ஒரே சொல், ஒரே பொருள்: முகூர்த்தம். வேறு சொல், ஒரே பொருள்: மாப்பிள்ளை அழைப்பும் ஜானவாசமும். ஒரே சொல், வேறு பொருள்: நலங்கு. சொல்லும் வேறு, பொருளும் வேறு என்பது கடைசி. நான்கிலும் ஆபத்தானது மூன்றாவது, ஏனென்றால் அது ஒற்றுமை வேடம் போட்டு வருகிறது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆனால் ஒவ்வொருவரும் வேறொன்றுக்குத் தலையாட்டியிருப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய உளவியல் கருவி இருக்கிறது. ஜார்ஜ் கெல்லி என்ற அமெரிக்க உளவியலாளர் 1955-ல் முன்வைத்தது. ஒருவரிடம் ‘நலங்கு என்றால் என்ன?’ என்று விளக்கம் கேட்கக்கூடாது. விளக்கம் கேட்டால் எல்லோரும் அழகான பொதுச் சொற்களைத்தான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக மூன்று நிகழ்ச்சிகளைக் கொடுத்து, ‘இதில் எந்த இரண்டு ஒன்று போல, எது தனி, ஏன்?’ என்று கேட்க வேண்டும். ‘நலங்கும் பந்தக்காலும் ஒன்று, இரண்டும் தாலிக்கு முன்னால்’ என்பார் என் அத்தை. ‘நலங்கும் ஊஞ்சலும் ஒன்று, இரண்டும் விளையாட்டு’ என்பார் சம்பந்தியம்மா. அந்த நொடியிலேயே வேறுபாடு வெளியே வந்துவிடும். இத்தகைய விடைகளைக் கட்டங்களில் எண்களாக எழுதி ஒப்பிடுவார்கள். மென்பொருள் பங்காளர்களின் குறிக்கோள்களை ஒப்பிட டொராண்டோவில் நான் நியூ என்ற ஆய்வாளரும் ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்கும் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள்.

பொருத்தம் குறித்தாயிற்று. நலங்கை ‘மஞ்சள் நலங்கு’, ‘விளையாட்டு நலங்கு’ என்று பிரித்தால் அந்த முரண் மறைந்தே போகும். அது பெயர்ச் சண்டைதான். வரவேற்பு அப்படிப்பட்டதில்லை. ஒருவர் ஆம் என்கிறார், ஒருவர் இல்லை என்கிறார். இதை ஒரே கட்டத்தில் எப்படி எழுதுவது?

நுவல் பெல்னாப் என்ற அமெரிக்கத் தருக்கவியலாளர் 1977-ல் ஒரு கணினியைக் கற்பனை செய்தார். பலர் அதற்குச் செய்தி சொல்கிறார்கள். எல்லோரும் நேர்மையானவர்கள், ஆனால் தவறக்கூடியவர்கள். அந்தக் கணினி எப்படிச் சிந்திக்க வேண்டும்? ‘இது உண்மையா?’ என்ற ஒரே கேள்வியை அவர் இரண்டாக உடைத்தார். ‘ஆம் என்று யாராவது சொன்னார்களா?’ ‘இல்லை என்று யாராவது சொன்னார்களா?’ இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனி விடை என்பதால் நான்கு சேர்க்கைகள் வரும்: ஆம் மட்டும், இல்லை மட்டும், இரண்டும், ஒன்றுமில்லை. இதை நான்மதிப்புத் தருக்கம் என்று சொல்லலாம்.

‘இரண்டும்’ என்றால் வரவேற்பு நடந்துகொண்டும் நடக்காமலும் இருக்கும் என்று பொருளல்ல. எனக்கு இரண்டு விதமாகவும் சொல்லப்பட்டிருக்கிறது என்று பொருள். உலகத்தைப் பற்றிய கூற்றாக இல்லாமல் கேள்விப்பட்டதைப் பற்றிய கூற்றாக அது மாறியவுடன் வெடிப்பு நின்றுவிடுகிறது. மெரினா மதுரைக்கு வந்ததாக யாரும் சொல்லவில்லை, ஆகவே அது ‘ஒன்றுமில்லை’யிலேயே இருக்கும். முரண் தன் கட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கும், பக்கத்துக் கட்டத்துக்குப் பரவாது. அறிவின் அளவில் பார்த்தால் ‘ஒன்றுமில்லை’தான் அடித்தளம், ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டும் நடுமாடி, ‘இரண்டும்’ உச்சி. முரண்பட்ட கட்டம்தான் அதிகம் கேட்டறிந்த கட்டம் என்ற இந்த அடுக்கு முதலில் விசித்திரமாகத் தோன்றும். யோசித்தால் சரி என்று படும். அங்கேதானே இரண்டு பேர் கருத்துச் சொல்லுமளவுக்கு அக்கறை காட்டியிருக்கிறார்கள்?

இந்தியச் சிந்தனையில் பழகியவருக்கு இது புதிதாக இராது. ஒன்றைப் பற்றி ஒரு நோக்கில் உண்டு, ஒரு நோக்கில் இல்லை, உண்டும் இல்லையும், சொல்லுக்கு அடங்காது என்று தொடங்கி ஏழு விதமாகக் கூறலாம் என்பது சமணர்களின் வாதமுறை. உயிரியலாளர் ஹால்டேன் இந்தியாவில் குடியேறிய 1957-ல் இந்த ஏழையும் பற்றிச் ‘சாங்க்யா’ என்ற புள்ளியியல் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சமணர் கேட்டது உண்மையின் தன்மையைப் பற்றி, பெல்னாப் கேட்டது செய்திகளை வைத்துக்கொள்ளும் முறையைப் பற்றி. இரண்டையும் ஒன்றாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. ஒரு நோக்கில் நின்று சொல்லப்பட்டது என்ற முன்குறிப்பு இல்லாமல் எந்தக் கூற்றும் முழுமையில்லை என்ற எச்சரிக்கை மட்டும் இரண்டுக்கும் பொது.

2001-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈஸ்டர்புரூக்கும் மார்ஷா செச்சிக்கும் இந்தத் தருக்கத்தை மென்பொருள் படங்களுக்குள் கொண்டுவந்தார்கள். லண்டன் அறிக்கையில் உள்ளவற்றை வைத்து நான் வரைந்த ஒரு சிறிய பயிற்சிப் படத்தில் இதைக் காட்டுகிறேன். இரண்டு நோக்குநிலைகள்: கட்டுப்பாட்டு அறை, வண்டிப் பணியாளர். வட்டங்கள் வண்டியின் நிலைகளைக் குறிக்கும்: தயார், கட்டளை வந்தது, கிளம்பியது, நோயாளியை அடைந்தது, மருத்துவமனை, மறுபடி தயார். அம்புகள் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழிகள். பெரும்பாலான அம்புகளுக்கு இருவரும் ஆம் என்கிறார்கள். ‘கட்டளை வந்தது’ என்பதிலிருந்து ‘வேறொரு வண்டியில் கிளம்பியது’ என்று போகும் அம்புக்குப் பணியாளர் ஆம் என்கிறார், அறை இல்லை என்கிறது. இணைத்த படத்தில் அந்த அம்பின் மேல் ‘இரண்டும்’ என்று எழுதுகிறோம்.

இப்போது இந்தப் படத்திடம் கேள்வி கேட்கலாம். படத்தின் எல்லா வழிகளையும் கணினி தானே நடந்து பார்த்து விடை சொல்லும் நுட்பம் ஒன்று உண்டு. மாதிரிச் சரிபார்ப்பு என்று அதற்குப் பெயர். வழக்கமாக அது ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். இங்கே நான்கில் ஒன்றைச் சொல்லும். முதல் கேள்வி: கட்டளை கிடைத்தால் ஏதாவது ஒரு வண்டி நோயாளியை அடையுமா? எந்த வண்டியில் போனாலும் அடையும். விடை ‘ஆம்’. சர்ச்சைக்குரிய அம்பு இந்த விடையைத் தொடவே இல்லை. இரண்டாம் கேள்வி: நோயாளியிடம் நிற்பது கணினித் திரை காட்டும் அதே வண்டிதான் என்று எப்போதும் சொல்லலாமா? விடை ‘இரண்டும்’. அறையின் படத்தை நம்பினால் சொல்லலாம், பணியாளரின் படத்தை நம்பினால் முடியாது. அடுத்த விபத்துக்கு எந்த வண்டி அருகில் இருக்கிறது என்று கணினி கணக்கிடுவது இந்த விடையின் மேல்தான் நிற்கிறது.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது இதுதான். எந்த முரண் எந்தக் கேள்வியைப் பாதிக்கிறது என்று அது சொல்கிறது. பெரிய திட்டத்தில் நூற்றுக்கணக்கான முரண்கள் இருக்கும், எல்லாவற்றுக்கும் பஞ்சாயத்து வைக்க நேரம் கிடையாது. எந்த முக்கியக் கேள்வியையும் தொடாத முரணை இன்று விட்டுவைக்கலாம். உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியில் ‘இரண்டும்’ என்று வந்தால் அன்றைக்கே இருவரையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும்.

மூன்றாவது, நான்காவது பங்காளர் வந்தால் மதிப்புகளும் கூடும். யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்று பெயரோடு வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவற்றை விரிக்கலாம். மெஹர்தாத் சபத்ஸாதேயும் ஈஸ்டர்புரூக்கும் 2006-ல் வெளியிட்ட முறையில், இணைத்த படத்தின் எந்த வட்டத்தையும் தொட்டு ‘இது யாரிடமிருந்து வந்தது?’ என்று கேட்கலாம். தையற்காரர் சாக்பீஸால் கோடு போட்ட இடத்தில் மட்டும் துணிகளை ஒட்டித் தைப்பது போன்றது அது. பொருத்தம் என்று குறித்த இடங்கள் மட்டும் ஒட்டும், வேறெதுவும் கூடாது, குறையாது. கோட்டை மாற்றிப் போட்டால் சட்டையும் மாறும். ஆகவே பொருத்தம் என்பதும் ஓர் ஊகம்தான், மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. இணைத்த படத்தில் முதல் பாதி ஒருவருடையதும் மறுபாதி இன்னொருவருடையதுமாக, இருவருமே சொல்லாத ஒரு முழு வழி பிறந்துவிடலாம். சில நேரம் அது அபத்தம், சில நேரம் இருவரும் காணாத ஆபத்து. ஆள் உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதுவரை பார்த்தது ‘எப்படி நடக்கிறது’ என்பதில் வரும் முரண். ‘எதற்காக’ என்பதில் வரும் முரண் இன்னும் ஆழமானது. கனடாவில் குழந்தைகளுக்குத் தொலைபேசி வழியே ஆற்றுப்படுத்தும் கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் என்ற அமைப்பு, இணையத்திலும் அந்தச் சேவையைத் தருவது பற்றி ஆராய்ந்தபோது டொராண்டோ ஆய்வாளர்கள் அதன் குறிக்கோள்களை வரைந்தார்கள். எரிக் யூ 1995-ல் வகுத்த முறை அது. யார் எதற்கு யாரை நம்பியிருக்கிறார் என்று வரைந்து, ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு குறிக்கோளுக்கும் உதவுகிறதா, கெடுக்கிறதா என்று குறிப்பார்கள். முடிந்த அளவு அதிகக் குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்பது ஒரு குறிக்கோள். ஒவ்வொரு குழந்தைக்கும் தரமான ஆற்றுப்படுத்தல் கிடைக்க வேண்டும் என்பது இன்னொன்று. எழுத்து வழி உரையாடல் முதலாவதற்கு உதவும். ஆனால் குழந்தையின் குரல் நடுங்குவது ஆற்றுப்படுத்துபவர் காதில் விழாது. இங்கே யார் பக்கம் தவறு என்று கேட்க முடியாது. இரண்டு குறிக்கோளையும் ஒருவரே மனதாரச் சொல்லக்கூடும்.

இப்படித் தனித்தனிப் படம் வரைந்து இணைப்பதால் உண்மையில் நன்மை உண்டா, அல்லது ஆய்வாளர்களின் ஆசை மட்டும்தானா? 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் ஈஸ்டர்புரூக், யூ குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஆற்றுப்படுத்தல் சேவைகளைப் படமாக்கும் வேலையை இரண்டு அணிகளுக்குக் கொடுத்தார்கள். ஓர் அணி ஒவ்வொரு பங்காளருக்கும் தனிப்படம் வரைந்து பின்னர் இணைத்தது, மற்றது முதலிலிருந்தே ஒரே பொதுப்படம் வரைந்தது. மூன்று மாத வேலை. தனிப்படங்களைக் கையாள்வது கடினமாகவும் மெதுவாகவும் இருந்தது. ஆனால் இணைக்கும் கட்டத்தில்தான் அந்தச் சேவையைப் பற்றிய புரிதல் ஆழப்பட்டது. இரண்டு அணிகளை வைத்துச் செய்த ஒரு சோதனையிலிருந்து சட்டம் எதுவும் வகுக்க முடியாது, ஆய்வாளர்களும் அதை ஒரு தொடக்க முயற்சியாகவே முன்வைத்தார்கள். ஆனாலும் ஆதாயம் எங்கே கிடைத்தது என்று கவனியுங்கள். ‘நீங்கள் சொல்லும் இதுவும் அவர் சொல்லும் அதுவும் ஒன்றா?’ என்று மோதிக்கொண்ட அந்த வேலையில்தான் கிடைத்தது.

லண்டன் ஆம்புலன்ஸ் சேவை அடுத்த முறை வேறு விதமாகப் போனது. 1996-ல் வந்த புதிய அமைப்பு ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றவில்லை. அழைப்பை ஏற்பது முதல் படி. கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்கள் பயன்படுத்திப் பார்த்துச் சொன்னதை வைத்து அடுத்த படி. அந்த அறையின் படம் இம்முறை இயந்திரத்துக்குள் போனது.

நான்கு மதிப்புகளில் நாலாவதைப் பற்றி இன்னும் அதிகம் சொல்லவில்லை. ‘இரண்டும்’ என்ற கட்டம் சத்தம் போட்டு நம்மைக் கூப்பிடும். ‘ஒன்றுமில்லை’ பேசாது. என் பயிற்சிப் படத்தில், ரேடியோ எட்டாத தெருவில் பணியாளர் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பக்கத்திலும் அம்பு கிடையாது. அறை அதை நினைக்கவில்லை. பணியாளருக்கு அந்தத் தெரு தெரியும், ஆனால் அதெல்லாம் சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றியிருக்காது, யாரும் கேட்கவும் இல்லை. இணைத்த படத்தில் வெற்றிடங்களைத் தேடி, அந்த இடத்தில் வேலை செய்பவர் யார், அவரை இதுவரை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பதற்கு எந்தத் தருக்கமும் போதாது. நேரில் போக வேண்டும்.

அத்தையின் நோட்டில் வரவேற்பு வரி கடைசி வாரம் வரை வட்டத்தோடு இருந்து, கல்யாணத்தன்று மாலைக்கு மாறியது. விளையாட்டு நலங்கு அதற்கு முன்பு, மாலை நான்கு மணிக்கு. கல்யாணக் காலை நாலரைக்கு ராத்திரி பஸ்களில் வந்து இறங்கிய முப்பது பேர் மண்டப வாசலில் நின்றபோதுதான், முதல் காபிக்கு யார் பால் வாங்குவது என்று இரண்டு பக்கத்திலும் எழுதப்படவில்லை என்று தெரிந்தது. அவர்கள் வாங்குவார்கள் என்று நாங்களும், நாங்கள் வாங்குவோம் என்று அவர்களும் இருந்திருக்கிறோம். மண்டபக் காவலாளிக்கு மட்டும் அது முன்பே தெரியும். “எல்லாக் கல்யாணத்துலயும் இதேதான் சார்” என்று சொல்லிவிட்டு, பால் பூத் எந்தப் பக்கம் என்று கை காட்டினார்.